குமுளி பஸ்ல தூங்காதீங்க, கம்பத்துல இறங்குங்க

போன இதழ்ல ஒரு ஓரமா நாலு வரி எழுதினேன். தேக்கடி போறவங்க எல்லாம் கம்பம் பள்ளத்தாக்க பஸ் ஜன்னல் வழியா மட்டும் பாத்துட்டுப் போயிடுறாங்க, ரெண்டு நாள் கீழயே தங்கிப் பாருங்கன்னு. அவ்ளோதான், இந்தத் தடவ வந்த கேள்வில முக்கால்வாசி அதப் பத்தித்தான். சரி, இந்த இதழ் முழுசும் அதுக்கே. கேஸ் அடுப்பு சிக்கனம் பத்திக் கேட்ட மேடம் மட்டும் மன்னிக்கணும், அடுத்த இதழ்ல உங்க கேள்விதான் மொதல்ல.

கம்பம் பள்ளத்தாக்குன்னா சரியா எந்த இடம்? தேனியா, கம்பமா, மேகமலையா? மேப்ல பாத்தா ஒண்ணும் புரியல.
– வாசகர், கரூர்

மேப்ப மூடி வைங்க சார். தேனிலேர்ந்து குமுளி போற ரோட்டப் புடிங்க. இடது பக்கம் கூடவே வர்ற மலை மேகமலை, வலது பக்கம் தெரியுறது கேரளா எல்லை, அதுக்கு மேல ஏலத்தோட்டம். ரெண்டு மலையும் போகப் போக கிட்ட வந்து குமுளிகிட்ட ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். நடுவுல கிடக்கிற தரைதான் நீங்க கேட்ட இடம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், கடைசியா லோயர் கேம்ப்னு ஒரே ரோட்டுல வரிசையா வரும். தேனிலேர்ந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர், அங்கேர்ந்து குமுளி இன்னொரு 20 சொச்சம்.

ஆனா ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கிற பள்ளம்னு மட்டும் நெனச்சுட்டுப் போனா பாதிதான் புரியும். அந்த ஊர்ப் பச்சையோட சூட்சுமம் தண்ணில இருக்கு. அங்க ஓடுற தண்ணில பெரும்பங்கு, விட்டிருந்தா அந்தப் பக்கம் அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டியது. 1895ல பென்னிகுக்குன்னு ஒரு வெள்ளக்கார இன்ஜினியர் முல்லைப்பெரியாறு அணையக் கட்டி முடிச்சு, மலைய ஒரு மைல் நீளத்துக்குக் குடைஞ்சு, மேக்க ஓடுற ஆத்துத் தண்ணிய இங்கிட்டுத் திருப்பி விட்டாங்க. நீங்க தேக்கடில போட்ல போய் யானை பாக்குற ஏரி இருக்கே, அதே தண்ணிதான் சுரங்கம் வழியா வந்து, நாலு ராட்சசக் குழாய்ல மலையிலேர்ந்து சரிஞ்சு இறங்கி, லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல கரண்ட் எடுத்துக் குடுத்துட்டு, ஆறா ஓடி, வாய்க்கால் வாய்க்காலாப் பிரிஞ்சு 14,707 ஏக்கர்ல ரெண்டு போகம் நெல்லு விளைய வச்சிட்டு, மிச்சம் வைகைல கலந்து மதுரை, ராமநாதபுரம் வரைக்கும் போகுது. குமுளி மலை ரோட்டுல ஏறும்போது அந்தக் குழாய் பக்கத்துலயே தெரியும், நம்மாளுங்க அந்த நேரம் பாத்துத்தான் குறட்டை விடுவாங்க.

லோயர் கேம்ப்ல பென்னிகுக் மணிமண்டபம் இருக்கு, 2013ல திறந்தது. அவர் பொறந்தது ஜனவரி 15, பொங்கல் நேரம், அதனால அந்த ஊர்கள்ல அவர் படத்துக்கும் சேத்துத்தான் பொங்கல் வைப்பாங்க. சொத்த வித்து அணை கட்டினாருன்னு டீக்கடைக்கு டீக்கடை சொல்லுவாங்க. ஆதாரம் என்னன்னு கேட்டு அங்க சண்டைக்கு நிக்காதீங்க, டீ ஆறிப்போயிடும்.

நானும் என் ஃப்ரெண்டும் ரெண்டு பேரும் ஐடி, சென்னை. கார் இல்ல, பைக் ஓட்டத் தெரியாது. பஸ்லயே சுத்த முடியுமா? மூணு நாள் லீவு இருக்கு. பிளான் போட்டுக் குடுங்க ப்ளீஸ்.
– வாசகி, வேளச்சேரி

தாராளமா முடியும்மா, சொல்லப்போனா இந்த ஏரியாவுக்கு பஸ்தான் லாயக்கு. தேனி–கம்பம்–குமுளி ரூட்ல ஒண்ண விட்டா இன்னொண்ணு வந்துக்கிட்டே இருக்கும், அது சின்னச் சின்ன ஊர்லயும் நிக்கும், எங்க பச்சையா தெரியுதோ அங்க இறங்கலாம்.

ரயில்லயே போங்க. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில 2010 கடைசில நிறுத்தினது, அகலப்பாதை ஆகி 2023 ஜூன்லதான் போடி வரைக்கும் திரும்ப ஓடுச்சு. சென்னை சென்ட்ரல்லேர்ந்து வாரம் மூணு நாள் போடி எக்ஸ்பிரஸ் இருக்கு, தேனில இறங்கி கம்பம் பஸ் ஏறுங்க, உங்க லீவும் அந்த நாளும் ஒத்து வரலன்னா மதுரைக்கு வந்து அங்கேர்ந்து ரயிலோ பஸ்ஸோ புடிச்சுக்கலாம். ஆண்டிபட்டி கணவாய் தாண்டுற வரைக்கும் ஒரே வறண்ட பூமியா இருக்கும், என்னடா இவன் பச்சை பச்சைன்னு சொன்னான்னு திட்டாதீங்க, தேனி தாண்டி வீரபாண்டி ஆத்துப் பாலம் வரட்டும்.

கம்பத்துல ரூம் போடுங்க. மொத நாள் சாயங்காலம் ஊருக்குள்ளயே நடங்க, கம்பராயப் பெருமாள் கோயிலப் பாருங்க, பெருமாளும் காசி விஸ்வநாதரும் ஒரே வளாகத்துல இருப்பாங்க, ஊருக்குக் கம்பம்னு பேர் வந்ததே இந்தப் பெருமாளாலதான்னு சொல்லுவாங்க. மறுநாள் வெள்ளென எந்திரிச்சு சுருளிப்பட்டி பஸ் ஏறிடுங்க. ரெண்டு பக்கமும் கல்லுக்கால் நட்டு, மேல கம்பி கட்டி, தலைக்கு மேல திராட்சைப் பந்தல், வெயில் அதுக்குள்ள சல்லடைல சலிச்ச மாதிரி விழும். அப்படியே சுருளி அருவி. வனத்துறை டிக்கெட் எடுத்துட்டுக் கொஞ்ச தூரம் நடக்கணும். மேகமலைல மழைன்னாலோ யானை நடமாட்டம்னாலோ மூடிடுவாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி லாட்ஜ்லயே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அமாவாசைன்னா போகாதீங்க, அதுவும் ஆடி, தை அமாவாசைன்னா திதி குடுக்க வர்ற கூட்டத்துல நிக்க இடமிருக்காது.

மத்தியானத்துக்கு மேல உத்தமபாளையம். உள்ளூர்ல வெறும் பாளையம்னுதான் சொல்லுவாங்க, பஸ்லயும் அப்படியே கேளுங்க. அங்க திருக்குணகிரின்னு ஒரு பாறை, பக்கத்துல கருப்பணசாமி. பாறைல வரிசையா சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், கூடவே வட்டெழுத்துன்னு பழைய தமிழ் எழுத்து, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அச்சணந்தின்னு ஒரு சமண முனிவர் பேரு மதுரையச் சுத்தி இருக்கிற நிறைய மலைல வெட்டியிருப்பாங்க, அவர் பேரு இங்கயும் இருக்கு. பெரும்பாலும் கூட்டமே இருக்காது. எனக்கு அந்தப் பள்ளத்தாக்குல ரொம்பப் பிடிச்ச இடம் எதுன்னு கேட்டா, அருவி இல்ல, இந்தப் பாறைதான்.

இப்ப முக்கியமான விஷயம். மூணாவது நாள் எந்த ஸ்பாட்டும் வேணாம். வாய்க்கால் கரைல நடங்க. உத்தமபாளையத்துலேர்ந்து சின்னமனூர் பக்கம் உத்தமமுத்து வாய்க்கால் ஓடும், இந்தப் பக்கம் கூடலூர்லேர்ந்து மலையடிவாரத்த ஒட்டி பதினெட்டாம் கால்வாய் போகும், அது பேரே அதான், போடிப் பக்கக் கண்மாய்க்குத் தண்ணி கொண்டு போகுறதுக்குன்னு வெட்டினது. வயல்காட்ட அங்க பரவுன்னு சொல்லுவாங்க, பாளையம் பரவு எங்கிட்டுன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. ஒரு பக்கம் நாத்து, ஒரு பக்கம் தென்னை, நடுவுல கொக்கு, பின்னாடி நீலமா மலை. காலைல ஆறு மணிலேர்ந்து ஒன்பது வரைக்கும் நடங்க, அதுக்கு மேல வெயில் உங்கள நடக்க விடாது. தண்ணி வேகமா ஓடுற வாய்க்கால்ல மட்டும் இறங்காதீங்க, பாக்க முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும், இழுத்துட்டுப் போயிடும்.

எப்ப போறதுன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். வழக்கமா ஜூன்ல மொத போகத்துக்குத் தண்ணி திறப்பாங்க, நடவு முடிஞ்சு ஜூலை, ஆகஸ்ட்ல கண்ணுக்கெட்டின தூரம் பச்சை, கணவாய் வழியா காத்து வேற பிச்சு எடுக்கும், மலையிலேர்ந்து சாரல் வரும். ரெண்டாவது போகத்துப் பச்சை டிசம்பர், ஜனவரி. ஏப்ரல், மே போனீங்கன்னா கட்டாந்தரையப் பாத்துட்டு என்னைத் திட்டி இன்னொரு கேள்வி அனுப்புவீங்க.

போன மாசம் குடும்பத்தோட போனோம். ரோட்டோரத் திராட்சைக் கடைல தோட்டத்து விலைன்னு சொல்லி ஒரு பெட்டி வாங்கினோம், வீட்டுல வந்து பிரிச்சா அடில பாதி அழுகல். இதுதான் உங்க கம்பம் திராட்சையா?
– வாசகர், திருப்பூர்

ஒரு கடைக்காரர் பண்ணதுக்குத் தோட்டக்காரங்க எல்லாருக்கும் சேத்துத் திட்டு விழுதே சார். ஆனா கோவம் நியாயம்தான், எனக்கும் ஒரு தடவ நடந்திருக்கு, நான் வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல.

அங்க பெரும்பாலும் விளையுறது பன்னீர் திராட்சை, கறுப்பா, விதையோட, கடிச்சா பன்னீர் வாசம் அடிக்கும். 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. மத்த ஊர்ல திராட்சைக்கு ஒரு சீசன்தான், இங்க அப்படி இல்ல. கவாத்து பண்ணி, அதாவது கொடிய வெட்டி விட்டு, சுமார் நாலு மாசத்துல பழம் வந்துடும், ஒருத்தர் தோட்டத்துல கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்துல அறுப்பு நடக்கும், அதனால வருஷம் பூரா எங்கயாவது பழம் இருக்கும். ஆனா தோலு ரொம்ப மெல்லிசு. அறுக்குற நேரத்துல மழை புடிச்சா வெடிச்சிடும், வெடிச்ச பழம் கூட இருக்கிறதையும் கெடுத்துடும். மழை நாள்ல பெட்டியா வாங்குறதே தப்பு.

அடுத்த தடவ ரோட்டுல வாங்காதீங்க. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் போங்க, அறுப்பு நடக்குற தோட்டமாப் பாத்து வாசல்ல நின்னு கூப்பிடுங்க, உள்ள வாங்கன்னு சொன்னா மட்டும் போங்க. கண்ணு முன்னாடி வெட்டித் தருவாங்க. பழத்து மேல லேசா சாம்பல் பூத்த மாதிரி இருந்தா அது கையே படாத பழம், பளபளன்னு இருந்தா பல கை மாறினது. பெட்டி வேணாம், ரெண்டு கிலோ போதும், அதையும் அன்னிக்கே சாப்பிட்டு முடிங்க. மருந்து அடிச்சிருப்பாங்க, நல்லாக் கழுவிட்டு சாப்பிடுங்க. பந்தலுக்குக் கீழ நின்னு கொத்த எட்டிக் கடிக்கிற மாதிரி போட்டோ எடுக்குறதும் வேணாமே, மருந்து வாய்க்குப் போகும், கொத்து பாழாகும்.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு மூட்டு வலி. அவங்களுக்கு ஏத்த மாதிரி என்ன இருக்கு?
– வாசகி, ஈரோடு

நிறைய நடக்காம, ஒரு கார் வச்சு சமவெளியிலயே சுத்துங்கம்மா. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் ஆத்தங்கரைலயே இருக்கு. சித்திரைத் திருவிழா சமயம் மட்டும் தவிருங்க, தீச்சட்டிக் கூட்டத்துல வயசானவங்கள வச்சுக்கிட்டு அவஸ்தை. அப்புறம் குச்சனூர் சனீஸ்வரர், சுயம்பு, ஆடி மாச சனிக்கிழமை வேணாம், மத்த நாள் சும்மா இருக்கும். சின்னமனூர்ல பூலாநந்தீஸ்வரர். அப்பாவுக்கு சரித்திரம் பிடிக்கும்னா அந்த ஊர்ச் செப்பேடு பத்திச் சொல்லுங்க. பாண்டியன் செப்பேடு, சின்னமனூர்ல கிடைச்சது. மதுரைல சங்கம் வச்சதையும் மகாபாரதத்தத் தமிழ்ப்படுத்தினதையும் சொல்ற வரி அதுலதான் வருது. சின்னமனூர் சுத்துல வெத்தலைக் கொடிக்கால் இருக்கும், ரோட்டுலேர்ந்தே தெரியும். அம்மா வெத்தலை போடுறவங்களா இருந்தா ஒரு கவுளி வாங்கிக் குடுங்க, மூட்டு வலி பாதி மறந்துடும்.

மேகமலைக்கு வேணும்னா அதே கார்ல போகலாம். சின்னமனூர்லேர்ந்து திரும்பணும், 18 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு ஒரு பூப் பேரு எழுதி வச்சிருப்பாங்க. அந்தக் காடு 2021லேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், ராத்திரில போக விட மாட்டாங்க. நான் ஒரு தடவ சின்னமனூர்ல உக்காந்து நிதானமாச் சாப்பிட்டுட்டு ஆறு மணிக்கு மேல செக்போஸ்ட்ல போய் நின்னேன், கும்பிடாத குறையாக் கேட்டும் விடல, அவங்க பண்ணதுதான் சரி. தலை சுத்துறவங்களுக்கு மாத்திரை எடுத்துக்கோங்க.

காலேஜ் பசங்க ஆறு பேர். குரங்கணிலேர்ந்து டாப் ஸ்டேஷன் ட்ரெக்கிங் போகணும். பர்மிஷன் இல்லாம லோக்கல் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. போலாமா?
– வாசகர், கோவை

வேணாம் தம்பி.

2018 மார்ச் 11, போடிப் பக்கம் அதே குரங்கணி மலைல காட்டுத்தீ, 23 பேர் போயிட்டாங்க. காஞ்ச புல்லு, மேல் நோக்கி அடிக்கிற காத்து, ஓட வழி இல்ல. உங்க வயசுப் பசங்க பொண்ணுங்கதான் நிறைய. இதுக்கு மேல நான் விளக்கணுமா?

போறதுன்னா முறையாப் போங்க. வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, மாநிலம் பூரா 40 பாதை, ஆன்லைன்ல புக் பண்ணா பயிற்சி எடுத்த உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவாங்க. இந்தப் பக்கம் குரங்கணி–சாம்பலாறுன்னு ஒரு பாதை அதுல இருக்கு. தீ சீசன்ல மூடிடுவாங்க, அப்ப போய் நின்னுக்கிட்டு வாதாடாதீங்க.

டாப் ஸ்டேஷன்னு ஏன் பேருன்னு தெரியுமா? அங்க பஸ் ஸ்டேஷன் ஒண்ணும் இல்ல. வெள்ளக்காரன் காலத்துல மூணார் தேயிலை ரயில்ல அங்க வரைக்கும் வரும், அங்கேர்ந்து ரோப்வேல தொங்கிக்கிட்டே கீழ கொட்டகுடிக்கு இறங்கும், அது பாட்டம் ஸ்டேஷன், அப்புறம் வண்டி கட்டி போடிக்கு. 1924 வெள்ளத்துல மூணார் ரயில் அடிச்சிட்டுப் போயிருச்சு, பேரு மட்டும் நின்னுருச்சு. இத்தன பேர் ஆசப்படுற அந்த மலைல ஒரு காலத்துல ஏறி இறங்கினது தேயிலைப் பெட்டிதான்.

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு எப்ப வேணா போலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும். குமுளிலேர்ந்து ஜீப், இல்ல கூடலூர் பக்கம் பளியன்குடிலேர்ந்து நடை. நடக்கிறதுன்னா விடியக்காலைலயே ஏறிடுங்க, தண்ணி நிறைய எடுத்துக்கோங்க.

இளையராஜா ஊர் அங்கதானே? போனா என்ன பாக்கலாம்?
– வாசகர், சேலம்

பண்ணைப்புரம், ஆமா. உத்தமபாளையத்துலேர்ந்து கோம்பை வழியா தேவாரம் போற ரோட்டுல வரும். ஊர் மத்த ஊர் மாதிரிதான் இருக்கும், தோட்டம், தென்னை, பக்கத்துல மலை. இயர்ஃபோனக் காதுல மாட்டிக்கிட்டு அந்த ரோட்டுல போங்க, வேற ஒண்ணும் பாக்கத் தேவையில்ல. வழில வர்ற கோம்பை வேட்டை நாய்க்குப் பேர் போன ஊர், அதுக்காக நாய்க்குட்டி விலை கேட்டு வீடு வீடா ஏறாதீங்க.

யானை வருமா மாமா?
– ஆறாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

வரும் கண்ணு. 2023 மே மாசம் அரிக்கொம்பன்னு ஒரு யானை கம்பம் டவுனுக்குள்ளயே வந்துருச்சு, தெருவுல ஓடுச்சு, டிவில பாத்திருப்ப. கேரளால ஒரு இடத்துல புடிச்சு பெரியாறு காட்டுல விட்டாங்க, அது மேகமலை சுத்தி இங்க இறங்கிருச்சு. அப்புறம் ஜூன்ல புடிச்சு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. அது பாவம், அதுக்கு எது டவுன் எது காடுன்னு கோடு போட்டா காட்டியிருக்கோம். நீ சாயங்காலம் ஆனா அப்பா கையப் புடிச்சுக்கிட்டு ரூமுக்கு வந்துடு.

எங்க ஊரு கூடலூர் பக்கம். ஏற்கனவே ஞாயித்துக்கிழமை ஆனா வாய்க்கால் கரைல காரா நிக்குது, பாட்டில ஒடச்சு வயல்ல போட்டுட்டுப் போறாங்க, நடவுக்கு இறங்குற பொம்பளைங்க கால்ல குத்துது. இதுல நீங்க வேற வாங்க வாங்கன்னு எழுதுறீங்க. உங்களுக்கு என்ன, எழுதிட்டுப் போயிருவீங்க.
– விவசாயி, தேனி மாவட்டம்

அண்ணே, இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, நீங்க சொல்றது அத்தனையும் உண்மை. எழுதாம இருந்தா வராம இருக்கப் போறதில்ல, அது ஒரு சாக்குதான்னு எனக்கே தெரியுது. வர்றவங்க கிட்ட சொல்லிக்கிறேன்: கார ரோட்டுலயே நிறுத்துங்க, வாய்க்கால் கரை டிராக்டரும் கட்டை வண்டியும் போற வழி. பாட்டில் எதுவா இருந்தாலும் திரும்பப் பைக்குள்ள. ட்ரோன் விட்டுக் களை எடுக்கிறவங்களப் படம் புடிக்காதீங்க, உங்க ஆபீஸ்ல நீங்க வேலை பாக்கும்போது மேல ஒண்ணு பறந்தா எப்படி இருக்கும்.

நானும் யோக்கியன் இல்லண்ணே. நாலஞ்சு வருஷம் முன்னாடி பாளையம் பரவுல, கொக்கப் படம் புடிக்கிறேன்னு, அப்பதான் சேறு பூசி வச்சிருந்த புது வரப்புல ஏறிட்டேன், ஒரு பத்தடி சரிஞ்சு மேல் வயல் தண்ணி கீழ் வயலுக்குப் போயிருச்சு. நாத்து நட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா நிமிந்து பாத்துட்டு, ஏப்பா ஒனக்கு ரோடு பத்தலையான்னு கேட்டுட்டு, மம்பட்டிய எடுத்து என் கைல குடுத்துட்டாங்க. பேண்ட்ட மடிச்சுட்டு இறங்கி சேத்த அள்ளி அடைச்சேன், நான் அடைக்க அடைக்க இன்னொரு பக்கம் ஒழுகுது, கடைசில அவங்களே வந்து நாலே தள்ளுல அடைச்சுட்டு, போய் கை கால கழுவுன்னு சொல்லிட்டுத் திரும்ப நடவுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் கேட்காம எந்த வரப்புலயும் நான் கால் வச்சதில்ல.